ஏஐ பற்றிய ஆய்வுகளை வாசிக்கும் முறை

செயற்கை நுண்ணறிவு நிரலெழுதும் வேலையை விரைவாக்குகிறதா என்ற கேள்விக்கு, ஒன்றுக்கொன்று எதிரான விடைகளோடு கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரை மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம் பிள்ளைகள் தலைப்பை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

கட்டுரையைத் திறந்ததும், யாருக்கு என்ன வேலை கொடுத்து எப்படி அளந்தார்கள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். நிரலெழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் பற்றி 2022இல் நடந்த ஆய்வில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு ஹெச்டிடிபி சர்வரை (இணையப் பக்கங்களைக் கேட்பவருக்கு அனுப்பும் நிரலை) புதிதாக எழுதும்படி 95 நிரலாளர்களிடம் கேட்டார்கள். கருவி கிடைத்தவர்கள் 55.8 சதவீதம் குறைவான நேரத்தில் முடித்தார்கள். ஏஐயின் திறன்களை மதிப்பிடும் மெட்டர் (METR) அமைப்பு 2025இல் வெளியிட்ட ஆய்விலோ, அனுபவமிக்க 16 பேர் தாங்கள் பல ஆண்டுகளாகப் பங்களித்துவரும் பெரிய திறமூல (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. இரண்டுமே அளந்து கண்ட எண்கள்தான், அளக்கப்பட்ட வேலைதான் வேறு. முதல் ஆய்வைச் செய்தவர்களுள் அந்தக் கருவியை விற்கும் நிறுவனத்தாரும் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலை இவற்றில் எதைப் போன்றது என்று அடுத்துப் பாருங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நெல் கொண்டுவரும் பெரியவர் கோட்டை, மரக்கால் என்று கணக்குச் சொல்வார்; ஆலையில் அதை மூட்டையாகவும் கிலோவாகவும் மாற்றிப் பதிவார்கள்; ஈரநெல்லுக்கு எவ்வளவு கழிப்பது என்பது எடைபோடும் கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும், எங்கும் எழுதியிருக்காது. பில் அச்சிடும் பக்கத்தை ஏஐ நொடியில் எழுதித் தரும். அந்தக் கழிவுக் கணக்கை, எடைமேடைக்கு அருகில் நின்று நீங்கள்தான் கேட்டு அறிய வேண்டும். நிரலின் உயிர் அதை உருவாக்கியவர்களின் புரிதலில் இருக்கிறது என்று டென்மார்க் அறிஞர் பீட்டர் நவுர் 1985இலேயே வாதிட்டார். இன்றைய ஆய்வுகளை வாசிக்கும்போது எனக்கு அவர்தான் அதிகம் துணைநிற்கிறார்.

மெட்டர் ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. அந்த 16 பேரும் ஏஐ தங்கள் நேரத்தில் 24 சதவீதத்தை மிச்சப்படுத்தும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். ஆகவே "எனக்கு வேகமாகத்தான் இருக்கிறது" என்ற எண்ணத்தை மட்டும் நம்பாமல், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நீங்களே அளந்து பாருங்கள். வேலையைத் தொடங்குமுன் எவ்வளவு நேரமாகும் என்று மதிப்பிட்டு எழுதிவிட்டு, அதற்கு ஏஐ உண்டா இல்லையா என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள். எளிய வேலைகளை மட்டும் ஏஐயிடம் தள்ளும் சார்பு அப்போதுதான் நீங்கும். கருவிகள் விரைவாக மாறுவதால், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். முடிந்த நேரமாகக் குறிக்க வேண்டியது நிரல் முதன்முதலில் ஓடிய நேரத்தை அன்று, சோதனைகள் முடிந்து உடன் வேலைசெய்பவர் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட நேரத்தை.