குழந்தைகள் காப்பகத்தில் தொற்றுநோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை வரை சளி பிடிப்பது இயல்பு. காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் அது இன்னும் கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே எந்தக் குழந்தைக்கும் நோயே வராத காப்பகம் என்று ஒன்றை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஒரு குழந்தைக்கு வந்த நோய் அறை முழுவதும் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கு செய்யக்கூடிய வேலை. அந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, நோயுற்றதாகக் கண்ணுக்குத் தெரியும் குழந்தையை மட்டும் ஆபத்தாகக் கருதும் பழக்கத்திலிருந்து பிறக்கின்றன.

தட்டம்மை கண்ட குழந்தை, உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு 4 நாள்களுக்கு முன்பிருந்தே நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குழந்தை அறையைவிட்டுப் போன பிறகும் வைரஸ் 2 மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்கக்கூடும். சின்னம்மை கொப்புளங்கள் வருவதற்கு ஓரிரு நாள்கள் முன்பும், ஃப்ளூ காய்ச்சல் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பும் பரவ ஆரம்பிக்கின்றன. கை, கால், வாய் நோயிலோ, புண்கள் ஆறி குழந்தை ஓடியாடி விளையாடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். காய்ச்சல் கண்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் காப்பகம், நோய் பரவும் காலத்தில் ஒரு பகுதியைத்தான் கவனித்திருக்கிறது. எல்லாக் குழந்தைகளிடமும், எல்லா நாளும் கடைப்பிடிக்கும் சுத்தமே மீதிக் காலத்துக்கான காவல்.

அந்தச் சுத்தம் பெரும்பாலும் தவறிப்போவது டயப்பர் மாற்றும் மேசையில்தான். பராமரிப்பாளர் கையுறை அணிகிறார், குழந்தையைத் துடைக்கிறார், அதே கையுறையோடு அலமாரியைத் திறந்து புது டயப்பரை எடுக்கிறார், களிம்பு டப்பாவின் மூடியைத் திருகுகிறார், குழந்தையின் சட்டையை இழுத்துவிடுகிறார். கையுறையைக் கழற்றும் நேரத்தில் அழுக்கு ஐந்தாறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தேவையானவை அனைத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதும், துடைத்து முடித்த உடனே, புது டயப்பரைத் தொடுவதற்கு முன்பு, கையுறையைக் கழற்றிவிடுவதும் இதைத் தவிர்க்கும். கையுறை அணிந்திருந்தாலும் பிறகு சோப்பும் நீரும் கொண்டு கை கழுவத்தான் வேண்டும். பலர் மறப்பது, குழந்தையின் கைகளையும் கழுவிவிட வேண்டும் என்பதை. மேசையில் படுத்திருக்கும் குழந்தையின் கை சும்மா இருப்பதில்லை. அந்த மேசையும் உணவு தயாரிக்கும் இடமும் அருகருகே இருப்பதும், இரண்டுக்கும் ஒரே கழுவுதொட்டியைப் பயன்படுத்துவதும் எந்தச் சமாதானத்துக்கும் இடம் தராத தவறுகள்.

கை கழுவுவதற்குப் பதிலாக சானிடைசரை நம்புவதும் இதே வகைதான். வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸை ஆல்கஹால் கலந்த சானிடைசர் சரிவரக் கட்டுப்படுத்துவதில்லை. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவுவதே பயன் தரும்.

பிளீச் கரைசலைப் பயன்படுத்தும் முறையிலும் குழப்பம் உண்டு. அழுக்கை நீக்குவதும் கிருமியை அழிப்பதும் வெவ்வேறு வேலைகள். மலமோ வாந்தியோ கிடக்கும் இடத்தில் நேரடியாகக் கரைசலை ஊற்றினால், அதன் வீரியம் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் காகிதத்தால் அள்ளி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி இட வேண்டும். இட்டவுடன் துடைத்துவிடாமல், புட்டியின் மேல் குறிப்பிட்டிருக்கும் நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். நீரில் கலந்த கரைசல் நாளாக நாளாக வலுவிழப்பதால், அதை அன்றன்று கலப்பதே நல்லது. அமோனியா கலந்த திரவத்தோடோ வினிகரோடோ பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும் என்பதால், சேமிப்பு அறையிலேயே அவற்றைத் தனித்தனியாக வைப்பது பாதுகாப்பு. குழந்தை வாயில் வைத்த பொம்மையை உடனே எடுத்துப் போட ஒரு தனிக் கூடை இருந்தால், மாலையில் எதைக் கழுவ வேண்டும் என்ற ஊகத்துக்கு வேலையில்லை.

எந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது என்பதில் தவறு இரு பக்கமும் நேர்கிறது. மூக்குச்சளி பச்சையாக இருப்பதை மட்டும் வைத்து, அதை பாக்டீரியாத் தொற்று என்று முடிவு செய்ய முடியாது. சாதாரணச் சளியிலும் நிறம் மாறும். அதற்காகக் குழந்தையை அனுப்புவதும், ஆன்டிபயாடிக் சீட்டு கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்று பெற்றோரை நிர்ப்பந்திப்பதும், வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாத குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன். பார்வோ வைரஸால் கன்னம் சிவக்கும் நோயில், சிவப்பு தெரியும்போது நோய் பரவும் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். மறுபக்கம், காலையில் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிய காய்ச்சலோடு வரும் குழந்தையைச் சேர்த்துக்கொள்வது தவறு. மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்ததா என்று கேட்க வேண்டும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை காத்திருக்க வேண்டும். இந்த விதிகள் சேர்க்கையின்போதே எழுத்தில் பெற்றோர் கைக்குப் போயிருந்தால், வாசலில் நின்று வாதிட வேண்டி வராது.

அனுப்புவதற்குக் காத்திராமல் உடனே மருத்துவ உதவி நாட வேண்டிய நிலைகளும் உண்டு: மூச்சுத் திணறல், எழுப்பினாலும் விழிக்காத மந்தம், அழுத்தினாலும் மறையாத தடிப்பு, மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல். பெற்றோர் தொலைபேசியை எடுக்கவில்லை என்பது இங்கே தாமதத்துக்குக் காரணமாகாது.

மருந்து கொடுப்பதில் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், பெயரிட்ட அசல் புட்டியும், கொடுத்த நேரத்தின் பதிவும் வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன அளவை நம்பக்கூடாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவோ சின்னம்மையோ உள்ள குழந்தைக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறிக்கு வழிவகுக்கலாம்.

நோய் கண்டதை மறைக்கும் காப்பகங்கள் பெயர் கெடும் என்று அஞ்சுகின்றன. ஆனால் ஒரு வயது நிரம்பாத தம்பியோ நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய பாட்டியோ வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு அந்தச் செய்தி அன்றைக்கே தேவை. நோயின் பெயர், கவனிக்க வேண்டிய அறிகுறிகள், எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்பவை அறிவிப்பில் இருந்தால் போதும். குழந்தையின் பெயர் அதில் இடம்பெறக்கூடாது.

பணியாளர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதது கடைசித் தவறு. மாற்று ஆள் இல்லை என்பதால் வயிற்றுப்போக்கோடு சமையலறைக்கு வரும் ஒருவர், ஒரே வேளை உணவில் எல்லா அறைகளுக்கும் நோயைக் கொண்டுபோகக்கூடும். அறிகுறி நின்று 48 மணி நேரம் கழியும் வரை அவர் உணவைத் தொடாமல் இருக்க வேண்டும், அந்த விடுப்புக்காகச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. கர்ப்பிணிப் பணியாளருக்குத் தனி எச்சரிக்கை தேவை. நலமாகத் தோன்றும் குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ வைரஸ் இருக்கக்கூடும்; அது கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். ரூபெல்லாவும் அவ்வாறே ஆபத்தானது. கர்ப்பமான பிறகு அதற்கான தடுப்பூசி போடுவதில்லை என்பதால், பணியாளரின் தடுப்பூசிப் பதிவை அவர் பணியில் சேரும் நாளிலேயே கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.