சர்க்கரைக்கு மாற்று, ஐஸ்கிரீமுக்குக் கேடு: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

என்னிடம் ஐஸ்கிரீம் செய்யக் கற்றுக்கொள்ளும் இருவர் அண்மையில் தனித்தனியே ஒரே குறையுடன் வந்தார்கள். சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் சேர்த்த ஐஸ்கிரீம், கடைந்தெடுத்த அன்று வெண்ணெய் போல இருந்ததாகவும், மூன்றாம் நாள் கரண்டி இறங்காத பாறையாகி, வாயில் மணல் போல நறநறத்ததாகவும் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு இது. நன்றாகக் கலக்குங்கள், அளந்து போடுங்கள் போன்ற அனைவரும் அறிந்த அறிவுரைகளை விட்டுவிட்டு, இதைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கரைந்துவிட்டது என்று நம்பிவிடுவது

இனிப்பூட்டுவதோடு ஐஸ்கிரீமில் சர்க்கரைக்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. கலவையின் உறைநிலையைத் தாழ்த்தி, ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் நீரின் ஒரு பகுதி உறைந்துவிடாமல் காக்கிறது. திடப்பொருளாக நின்று கலவைக்குச் செறிவும் தருகிறது. ஒரு கிலோ கலவையில் உள்ள 150 கிராம் சர்க்கரையின் இனிப்பை, ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் கால் கிராமிலேயே தந்துவிடும். ஆனால் மற்ற இரு வேலைகளையும் அந்தக் கால் கிராம் செய்யாது. இதைப் பலரும் அறிந்திருப்பதால்தான், அளவில் சர்க்கரையைப் போலவே கொட்டக்கூடிய எரித்ரிட்டாலை நாடுகிறார்கள்.

உறைநிலை எவ்வளவு தாழும் என்பது கரைந்துள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சர்க்கரையின் மூலக்கூறு எடை 342, எரித்ரிட்டாலின் எடை 122. எனவே ஒரே எடையில் எரித்ரிட்டாலுக்கு 2.8 மடங்கு மூலக்கூறுகள் உண்டு. தாளில் போடும் கணக்குப்படி, மிக மென்மையான ஐஸ்கிரீம் கிடைக்க வேண்டும். நானும் அப்படித்தான் கணக்கிட்டேன். கல்லாக வந்தபோது அளவு போதவில்லை என்று முடிவுசெய்து, மறுமுறை இன்னும் கூட்டினேன். அது முன்னதைவிட மோசமாக வந்தது. மூன்று முறை நல்ல கிரீமும் முட்டைக் கருவும் வீணான பிறகே, அந்தக் கணக்கு கரைந்த நிலையில் நீடிக்கும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது எனக்கு உறைத்தது.

அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் சர்க்கரை 200 கிராம் கரையும். எரித்ரிட்டாலோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கரையும், குளிரக் குளிர அதுவும் குறையும். கலவையில் உள்ள நீர் பனிக்கட்டியாக மாற மாற, எஞ்சும் கொஞ்ச நீரில் எல்லா எரித்ரிட்டாலும் கரைந்திருக்க இடமில்லாமல், அது படிகமாகப் பிரிந்துவிடுகிறது. பிரிந்த படிகம் உறைநிலையைத் தாழ்த்தாது என்பதால், அது காத்து வைத்திருந்த நீரும் உறைந்துபோகிறது. நறநறப்பு, பாறைபோன்ற கடினம் ஆகிய இரண்டுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். எரித்ரிட்டாலைக் கூட்டினால் இரண்டுமே கூடும்.

இப்படிகங்கள் வளரக் காலம் பிடிக்கும். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்: கடைந்த அன்றே ருசி பார்த்து, நன்றாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து, அந்த அளவை அடுத்தவருக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துப் பார்க்காத எந்த அளவையும் தயவுசெய்து பிறருக்குக் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்குச் சமம் என்று உறையில் அச்சிட்ட கலப்புப் பொடிகளையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதலிடம் எரித்ரிட்டாலுக்கே இருக்கும், அந்தச் சமமும் இனிப்பை மட்டுமே குறிக்கும்.

அல்லுலோஸை இனிப்புக்காக அளப்பது

நன்கு கரையும் மாற்று இனிப்பான அல்லுலோஸ் கிடைக்குமானால் என் முதல் தேர்வு அதுவே. ஆனால் அதன் இனிப்பு சர்க்கரையின் 70 விழுக்காடுதான் என்று, 150 கிராம் சர்க்கரைக்கு 214 கிராம் போடுபவர்கள் உண்டு. அதன் மூலக்கூறு எடை 180 என்பதால், அவ்வளவும் சேர்ந்து 400 கிராம் சர்க்கரைக்கு ஈடாக உறைநிலையைத் தாழ்த்திவிடும். ஐஸ்கிரீம் கூழாகவே நிற்கும். முதலில் உறைநிலைக்கு அளவெடுத்து, பிறகு இனிப்பைச் சரிசெய்ய வேண்டும். 80 கிராம் அல்லுலோஸ் உறைநிலைக்குப் போதும். குறையும் இனிப்புக்குச் சுக்ரலோஸ் 0.16 கிராம், குறையும் திடப்பொருளுக்கு இன்யூலின் என்னும் நார்ச்சத்தும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும். பால் பவுடரை மிகுதியாகச் சேர்த்தால் அதிலுள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை படிகமாகி அதே மணல்தன்மை வரும் என்பதால், நான் பெரும்பங்கை இன்யூலினுக்கே விடுகிறேன்.

தூய சுக்ரலோஸைச் சிட்டிகையால் அளப்பது

சமையலறைத் தராசு இதற்குப் பயன்படாது. நுண்தராசில் ஒரு கிராம் நிறுத்து, நீரில் கரைத்து 100 மில்லியாக்கினால், 16 மில்லியில் மேற்சொன்ன 0.16 கிராம் இருக்கும்.

தேன்

அதுவும் சர்க்கரைதான்.

நாய் வளர்க்கும் வீட்டில் சைலிட்டால்

இந்த மாற்று இனிப்பு வேண்டாம். சிறிதளவும் நாயின் உயிரைப் பறிக்கக்கூடும்.

மால்டிட்டாலை நீரிழிவு உள்ளவருக்கு யோசிக்காமல் தருவது

மால்டிட்டாலின் மூலக்கூறு எடை 344, இனிப்பு சர்க்கரையின் 90 விழுக்காடு. ஆகவே பதத்தைக் கெடுக்காமல் சர்க்கரையின் இடத்தில் அப்படியே பொருந்திவிடும். இந்த வசதியே ஆபத்து. சர்க்கரையைவிடக் குறைவாக என்றாலும் அது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். மிகுதியாக உண்டால் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பாலிலும் பால் பவுடரிலும் லாக்டோஸ் இருப்பதால், எந்த மாற்று இனிப்பைப் போட்டாலும் நம் பால் ஐஸ்கிரீம் சர்க்கரை சேர்க்காததாகுமே தவிர, சர்க்கரையே இல்லாததாகாது. நீரிழிவு உள்ள ஒருவர் நம்மை நம்பிக் கிண்ணத்தை வாங்கும்போது, அதில் எந்த இனிப்பு எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.