அந்தரங்கப் பகுதியில் வேக்ஸிங்: வீட்டில் முதல்முறை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை, கால்களுக்கு வேக்ஸிங் செய்து நன்றாகப் பழகியவர்கள்கூட அந்தரங்கப் பகுதிக்கு வரும்போது தடுமாறுவதுண்டு. அங்குள்ள முடி தடிமனானது, வேரும் உறுதியானது. தோலோ மெல்லியது, மடிப்புகள் நிறைந்தது, நம் ஊர் வெயிலில் எப்போதும் வியர்வை ஈரத்தோடு இருப்பது. முடி வளரும் திசையும் ஒரு விரற்கடைக்கு ஒருமுறை மாறிவிடும். பார்லருக்குப் போகக் கூச்சம், செலவு என்று வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இழுக்கும் கலையைக் கற்றுக்கொள்வதில் காட்டும் அக்கறையை, ‘இன்று இந்தத் தோலில் வேக்ஸ் போடலாமா’ என்ற கேள்வியில் யாரும் காட்டுவதில்லை. மோசமான காயங்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்து முடி அழுக்கு அல்ல. உராய்வு தோலைத் தாக்காமல் தடுப்பது அதன் வேலை. தண்ணீர் ஊற்றிக் கழுவி உலர வைத்தாலே சுத்தம்தான். பிரசவத்துக்கு முன் வழக்கமாக முடியை மழிக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் சொல்லியிருக்கிறது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. டாக்டரிடம் போக வேண்டும், ஸ்கேன் இருக்கிறது, பிரசவத் தேதி நெருங்குகிறது, நாளை மறுநாள் கல்யாணம் என்று வெட்கத்தாலும் அவசரத்தாலும் செய்பவர்கள்தான் அதிகம் புண்படுகிறார்கள். மருத்துவருக்கு அங்கே முடி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முதல் நாள் முதல்முறையாக வேக்ஸ் போட்டால், கல்யாணத்தன்று சிவந்த பருக்களும் எரிச்சலும்தான் மிஞ்சும். விருப்பப்பட்டுச் செய்வதானால், அவசரம் எதுவும் இல்லாத ஒரு வாரத்தில் செய்யுங்கள்.

இப்போது, பலரும் கவனிக்காத பெரிய தவறுக்கு வருவோம். தொடை இடுக்கில் படர்தாமரை, அரிப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் கையில் ஒரு ட்யூபைக் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றில் பல, பூஞ்சைக்கு எதிரான மருந்தோடு கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்தவை. தடவியதும் அரிப்பு அடங்கும், அதனால் வாரக்கணக்கில் தடவுவார்கள். ஸ்டீராய்டு தோலை மெல்ல மெல்ல மெலியச் செய்துவிடும். தொடை இடுக்கு மாதிரி மடிப்புள்ள இடங்களில் மருந்து அதிகமாக உள்ளே இறங்குவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்தத் தோலில் வேக்ஸ் போட்டு இழுத்தால் முடியோடு மேல்தோலும் உரிந்து வரும். உரிந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதாகப் புகும். ஆகவே அங்கே ஏதாவது க்ரீம் போடும் பழக்கம் இருந்தால், ட்யூபின் மேல் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வேக்ஸ் வேண்டாம். அரிப்பு இருக்கும்போதே ‘முடியால்தான் அரிக்கிறது’ என்று வேக்ஸ் போடுவதும் இதே அளவு ஆபத்தானது.

முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். மாத்திரையை நிறுத்திக் குறைந்தது 6 மாதம் ஆகும்வரை வேக்ஸிங் கூடாது என்பதே வழக்கமான அறிவுரை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நீரிழிவு விஷயத்தில் இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை இல்லை. ஆஸ்திரேலியாவில், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத டைப் 1 நீரிழிவோடு இருந்த 20 வயதுப் பெண் ஒருவர், அந்தரங்கப் பகுதியில் வேக்ஸிங் செய்துகொண்ட பிறகு உயிருக்கே ஆபத்தான பாக்டீரியா தொற்றுக்கு ஆளானார். அந்த நிகழ்வு 2007-இல் மருத்துவ இதழில் பதிவானது. புண், கொப்புளம், மரு, நீர்முத்து மாதிரியான சிறு கட்டிகள் எது இருந்தாலும் அன்றைக்கு வேக்ஸை எடுக்காதீர்கள். ஹெர்பிஸ், மொல்லஸ்கம் போன்ற வைரஸ்கள் ஒரு இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்கு இழுபட்டுப் பரவ இது வழி செய்துவிடும்.

சரி, தோல் நன்றாக இருக்கிறது. அடுத்த தவறு, முதல்நாளே முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை. என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று முறை உள்ளாடையின் ஓரத்துக்கு வெளியே தொடைப் பக்கம் தெரியும் முடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதியைக் கத்தரிக்கோலாலோ ட்ரிம்மராலோ குறைத்தாலே போதும். பெண்களுக்கு உட்பக்கமாக, எப்போதும் ஈரமாக இருக்கும் இளஞ்சிவப்புப் பகுதியில் மெழுகு படவே கூடாது. அது தோல் அல்ல, வாயின் உட்புறம் போன்ற மென்படலம். ஆண்கள் விதைப்பையில் வீட்டில் வேக்ஸ் போடவே வேண்டாம். அங்கே தோலை இறுக்கிப் பிடிக்க முடியாது, கிழிந்துவிடும்.

மெழுகில் இரண்டு வகை உண்டு. துணி அல்லது காகிதப் பட்டை ஒட்டி இழுப்பது ஒன்று. கடலைப் பருப்பு போலச் சிறு மணிகளாக வருகிற, உருக்கித் தடவி ஆறியதும் அதையே பிடித்து இழுக்கிற ஹார்டு வேக்ஸ் இன்னொன்று. ஹார்டு வேக்ஸ் முடியைக் கவ்விக்கொள்ளும், தோலில் குறைவாகவே ஒட்டும். இந்த இடத்துக்கு அதுதான் ஏற்றது. கைக்கு வாங்கிய பட்டை வேக்ஸை இங்கேயும் போடுவது வலியை வீணாகக் கூட்டும். பல மெழுகுகளில் ரோசின் என்கிற மரப்பிசின் இருக்கும். அது சிலருக்கு ஒவ்வாமை தரும். பிளாஸ்டர் ஒட்டினாலே தோல் சிவந்து அரிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் தொடையின் உட்புறத்தில் சிறிதளவு போட்டு இழுத்துவிட்டு, 24 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சமையலறையில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் வைத்துக் காய்ச்சுகிற சர்க்கரை வேக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். வேக்ஸுக்குத் தேவையான பதம், கம்பிப் பாகையும் தாண்டி உருட்டினால் உருளும் பாகுப் பதம். அந்த நிலையில் பாகின் சூடு 115 டிகிரி செல்சியஸைத் தொடும், கொதிக்கும் தண்ணீரைவிட அதிகம். தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் ஆறியது போலத் தெரிந்தாலும் நடுவில் கொதிநிலையிலேயே இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கிய கடை வேக்ஸுக்கும் இதே ஆபத்து உண்டு. கிளறாமல் எடுத்தால் ஒரு பக்கம் வெதுவெதுப்பு, இன்னொரு பக்கம் நெருப்பு. நன்றாகக் கிளறி, மணிக்கட்டின் உட்புறத்தில் சிறிது வைத்துப் பார்த்து, சுகமான சூடாக இருந்தால் மட்டும் தடவுங்கள். மரத்துப்போக வைக்கும் க்ரீமை அங்கே தாராளமாகப் பூசுவதும் வேண்டாம். மருந்து மெல்லிய தோல் வழியாக ரத்தத்தில் கலக்கும், மெழுகு சுடுவதும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

தவறிச் சுட்டுவிட்டால் மெழுகைப் பிய்க்காதீர்கள். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளம் கிளம்பினால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முடியின் நீளம் அரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டி இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் மெழுகு பிடிக்காது, முடி பாதியில் அறுந்து தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் கத்தரித்துக்கொள்ளுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் பலருக்கு வலி கூடுதலாகத் தெரியும், அந்த நாட்களைத் தள்ளிவிடலாம். வெந்நீரில் குளித்த கையோடு, ஈரம் காயாத தோலில் தடவுவது வீண். முகத்துக்குப் போடும் டால்க் பவுடரை அங்கே கொட்டவும் வேண்டாம். 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள’ பொருட்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும்.

இழுப்பதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான்: மேல் நோக்கித் தூக்கி இழுப்பது. வலிக்குப் பயந்து மெதுவாக, வானத்தைப் பார்த்து இழுத்தால் முடி அறும், தோல் கன்றிப்போகும், சில நேரம் ரத்தம் கட்டும். முடி வளரும் திசையிலேயே மெழுகைத் தடவ வேண்டும். ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதிர்த்திசையில், தோலை ஒட்டினாற்போல ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஒரு தடவையில் தடவாதீர்கள். திசை மாறும் இடத்தில் அடுத்த பட்டை. ஒரே இடத்தில் இரண்டாம் முறைக்கு மேல் போடாதீர்கள். மிஞ்சிய ஒன்றிரண்டு முடியைச் சுத்தம் செய்த ப்ளக்கரால் எடுத்துவிடலாம். தோலில் பட்ட குச்சியை மறுபடி மெழுகுக்குள் விடுவதும் கூடாது. மெழுகின் சூடு கிருமியைக் கொல்லாது. அக்கா தங்கை இருவரும் ஒரே டப்பாவைப் பயன்படுத்தினால் ஒருவரின் தொற்று இன்னொருவருக்கும் போகும். தோலில் ஒட்டி மிஞ்சிய மெழுகைச் சுரண்டாமல் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுங்கள். சர்க்கரை வேக்ஸாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

முடித்த பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரம் முக்கியம். முடி இருந்த துளைகள் திறந்தே இருக்கும். இறுக்கமான ஜீன்ஸ், லெகிங்ஸ், ஜிம், நீச்சல், வெந்நீர்க் குளியல், தாம்பத்தியம் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு நாள் விடுமுறை. தளர்வான பருத்தி உள்ளாடை, இரவில் அதுவும் இல்லாமல் பாவாடை அல்லது லுங்கி. எரிச்சலுக்குத் துணியில் சுற்றிய ஐஸை ஒற்றலாம். எலுமிச்சை, படிகாரம், கஸ்தூரி மஞ்சள், சென்ட், இன்டிமேட் வாஷ் எதுவும் தொடக் கூடாது. நான்கு நாள் கழித்து, குளிக்கும்போது மென்மையான துணியால் லேசாகத் தேய்த்து வந்தால் முடி உள்ளே சுருளுவது குறையும். சுருண்டு வளர்ந்த முடியை ஊக்கால் கிளறுவதுதான் கருப்புத் தழும்புகளுக்கு முக்கியக் காரணம். நம்முடைய மாநிறத் தோலில் சிறு புண்கூட மாதக்கணக்கில் கருமையை விட்டுச் செல்லும். கருத்துவிட்டதே என்று வெளுப்பாக்கும் க்ரீம் தடவினால், அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் மறுபடி மெலிந்த தோல்தான்.

சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். சிவப்பு பரவிக்கொண்டே போனால், தொட்டால் சூடாக இருந்தால், சீழ் கோர்த்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால், அல்லது கொத்துக் கொத்தாக வலியோடு நீர்க்கொப்புளங்கள் கிளம்பினால் தோல் மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ அன்றே போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பெண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். வேக்ஸ் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், அப்போதுதான் சரியான மருந்து கிடைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காய்ச்சலோடு அந்த இடம் வீங்கி, பார்க்கத் தெரிவதைவிட வலி அதிகமாக இருந்தால், காலை வரை காத்திருக்காமல் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பிவிட வேண்டும்.