மலைப்பூண்டு வேருக்குக் கனத்த தைமிடின் கொடுக்கும் முறை

வேர் நுனியில் எவ்வளவு டி.என்.ஏ. புதிதாக உருவாகிறது என்று அளக்க, டி.என்.ஏ.வின் கட்டுமானக் கற்களில் ஒன்றான தைமிடினை, ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு) ஏற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். ஆர்.என்.ஏ.வில் தைமிடினின் இடத்தில் யூரிடின் இருப்பதால், கொடுத்தது டி.என்.ஏ.வில்தான் போய்ச் சேரும். 1957-இல் ஹெர்பர்ட் டெய்லரும் கூட்டாளிகளும் விசியா ஃபாபா என்ற அவரை இனச் செடியின் வேருக்கு, டிரிட்டியம் என்ற கனத்த ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினைக் கொடுத்துத்தான் குரோமோசோம் இரட்டிப்பாவதைக் கண்டார்கள்.

டிரிட்டியம் கதிர்வீசும், அனுமதி வேண்டும். புதியவர்கள் கார்பன்-13, நைட்ரஜன்-15 ஏற்றியதை வாங்குங்கள், கதிர் கிடையாது. பத்து கார்பனும் இரண்டு நைட்ரஜனும் ஒவ்வொன்று கனம் கூடுவதால் மூலக்கூறு எடை 242-லிருந்து 254 ஆகிறது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த தைமிடின் குப்பியை உடனே திறக்காதீர்கள். கொடைக்கானலில் மதியம் மூட்டம் இறங்கினால் ஜன்னல் கண்ணாடியே வியர்க்கிறது. குளிர்ந்த குப்பிக்குள் அந்த ஈரம் அப்படியே இறங்கும். அவசரப்பட்டுத் திறந்து, தூள் பசையாகி அடியில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அரை மணி நேரம் மேசையில் இருக்கட்டும்.

குப்பியில் உள்ள 1 மி.கி. தூளை நிறுக்க வேண்டாம். குப்பியிலேயே கொஞ்சம் தூய நீர் விட்டுக் கரைத்து, வேறு குழாய்க்கு மாற்றி, மொத்தம் 3.94 மி.லி. ஆக்குங்கள். இதன் செறிவு 1 மில்லிமோலார். பழக்கதோஷத்தில் 242 போட்டுக் கணக்கிட்டால் 5 சதவீதம் பிசகும்.

அப்புறம் பூண்டு. பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டில் முளை எட்டிப்பார்க்கும் பல்லாக எடுத்து, அடி மட்டும் நீரில் படும்படி குழாய் வாயில் உட்கார வையுங்கள். தினமும் நீர் மாற்றுங்கள். வேர் ஓரங்குலம் வந்ததும் 9.9 மி.லி. நீரில் 0.1 மி.லி. கரைசல் கலந்து அதில் 6 மணி நேரம் விடுங்கள். கூடுதலாக ஊற்றினால் பலன் கூடாது. தைமிடின் மிகுந்தால் டி.என்.ஏ. உருவாவதே தடைபடும். பக்கத்திலேயே சாதாரணத் தைமிடின் கொடுத்த பல் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வேரைக் கழுவி, நுனியில் 2 மி.மீ. மட்டும் வெட்டி டி.என்.ஏ. பிரியுங்கள். ஆல்கஹாலில் இரண்டு முறை வீழ்படிவாக்குங்கள். டி.என்.ஏ.வில் சேராத தைமிடின் தங்கிவிட்டால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். பிறகு நொதிகளால் நியூக்ளியோசைடுகளாக (தைமிடின் போன்ற தனித்தனித் துண்டுகளாக) உடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே சமவெளியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கருவியில் ஒரு புரோட்டான் ஒட்டிக்கொள்வதால் எடை ஒன்று கூடித் தெரியும்: வரைபடத்தில் 243 சாதாரணத் தைமிடின், 255 நீங்கள் கொடுத்தது. 255-இன் அளவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் குறைந்தபட்சப் புதிய பங்கு. ஆனால் முதலில் சாதாரணத் தைமிடின் பல்லின் வரைபடத்தைப் பாருங்கள். அதிலும் 255 எழும்பியிருந்தால் எங்கோ கலந்துவிட்டது. புதுப் பல் எடுத்து மறுபடி தொடங்குங்கள்.