பழைய ப்ராஜெக்டுகளையும் இப்போதையதையும் ஒரே கணக்கில் கொண்டுவருவது எப்படி

என்னிடம் இருபது வருடத்துக்கும் மேலாக எழுதிய கோட் (கணினி நிரல் வரிகள்) இருக்கிறது. 2003இல் எழுதிய திஸ்கி–யுனிகோட் மாற்றி (திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தை யுனிகோடுக்கு மாற்றும் நிரல்), விஷுவல் பேசிக் 6இல் எழுதிய புத்தகப் பதிவு நிரல், பைத்தான் 2இல் எழுதிய புகைப்பட அடுக்கி, இப்போது தினமும் கை வைக்கிற அகராதித் தேடல் செயலி. போன வருடம் வரை இவை பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலும் மின்னஞ்சல் இணைப்புகளிலும் சிதறிக் கிடந்தன. வார இறுதிகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள்: இதுவரை என்னென்ன செய்தேன், யாருக்காகச் செய்தேன், அது இப்போது எங்காவது ஓடுகிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம், அதை அப்புறம் சொல்கிறேன். நான் எழுதியபோது பதினான்கு வந்தது. டிஸ்க்குகளைத் தேடியபோது முப்பத்தொன்று இருந்தது. நினைவில் இருந்தவை நான் ஆசைப்பட்டுச் செய்தவை. மறந்துபோனவை பெரும்பாலும் பிறர் கேட்டுச் செய்து கொடுத்தவை.

அடுத்து நகல் எடுப்பது. இதில் அவசரம் வேண்டாம். சாதாரணமாக நகல் எடுத்தால் ஃபைலின் கடைசியாக மாற்றிய தேதி போய், இன்றைய தேதி வந்து உட்கார்ந்துவிடலாம். பழைய கோடுக்கு அந்தத் தேதிதான் வரலாறு. ஆர்சிங்க் (rsync) என்ற நகல் நிரலைப் பயன்படுத்துபவர்கள் அதன் ஆர்க்கைவ் விருப்பத்தை (-a) கொடுங்கள், தேதிகள் அப்படியே வரும். அது இல்லையென்றால், நகல் எடுக்கும் முன்பே ஃபைல் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஒரு பட்டியலாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கோடின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் (Git) என்ற நிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது 2005இல். அதற்கு முந்தைய என் ப்ராஜெக்டுகளில் வரலாறு என்பது ஃபோல்டர் பெயர்கள்தான்: மாற்றி, மாற்றி புதிது, மாற்றி கடைசி, மாற்றி கடைசி 2. பெயரை நம்பி வரிசைப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆகப் புதிய ஃபைலின் தேதியைப் பாருங்கள். எனக்கு ‘கடைசி’யைவிட ‘புதிது’ நான்கு மாதம் புதிதாக இருந்தது.

வரிசை தெரிந்ததும் ஒரு காலி கிட் ரெப்போவில் (கிட் வரலாற்றைச் சேமிக்கும் இடம்) ஃபோல்டருக்கு ஒரு கமிட்டாக (வரலாற்றில் ஒரு பதிவு) ஏற்றுங்கள். அடுத்த ஃபோல்டரைப் போடும் முன் முந்தையதன் ஃபைல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் இடையில் நீக்கப்பட்ட ஃபைல்கள் கடைசி வரை தொங்கிக்கொண்டிருக்கும். கமிட்டுக்குப் பழைய தேதியைக் கொடுக்கலாம். ஆனால் டேட் விருப்பம் (--date) ஆசிரியர் தேதியை, அதாவது கோட் எழுதிய தேதியை மட்டும்தான் மாற்றும். கமிட் போட்ட தேதியான கமிட்டர் தேதியும் மாற வேண்டுமென்றால் அதற்கான சூழல் மாறியையும் (GIT_COMMITTER_DATE) அமைக்க வேண்டும்.

முதல் கமிட்டில் எதையும் திருத்தாதீர்கள். என் மாற்றியின் கோடுக்குள்ளேயே திஸ்கி எழுத்துகள் மேற்கோளுக்குள் இருந்தன. அந்த ஃபைலை யுடிஎஃப்-8 (யுனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஆக்கிச் சேமித்திருந்தால் ஒவ்வொரு எழுத்தின் பைட்டும் மாறி, நிரலின் அட்டவணையே செத்திருக்கும். உள்ளது உள்ளபடி ஒரு கமிட், திருத்தம் தனிக் கமிட்.

ரெப்போவை வெளியே வைக்கும் எண்ணம் இருந்தால், ஏற்றும் முன்பே பாஸ்வேர்டுகளைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நேரே கோடில் எழுதுவது எனக்கு வழக்கமாக இருந்தது. இப்போது அந்த வரியை அழித்துப் புதிய கமிட் போட்டால் போதாது, பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். முதல் வேலை அந்தப் பாஸ்வேர்டையே மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கு அப்புறம்தான்.

சரி, இப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு மாலை, அதற்கு மேல் இல்லை என்று நானே எல்லை வைத்துக்கொண்டேன். விஷுவல் பேசிக் நிரல் இப்போதைய விண்டோஸிலும் திறந்தது. அதற்குத் தேவையான ஓசிஎக்ஸ் என்ற துணை ஃபைலைத் தேடி விண்டோஸில் பதிவு செய்ததோடு சரி. ஆனால் அந்த ஐடிஈக்கான (விஷுவல் பேசிக் 6 நிரல் எழுதும் மென்பொருள்) ஆதரவு 2008 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. எனவே அது பார்க்க மட்டும், வளர்க்க அல்ல என்று குறித்துக்கொண்டேன்.

பைத்தான் 2 கோட் வேறு மாதிரி. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. பைத்தான் 3இல் ஓட்டினால் பிரின்ட் வரிகள் எல்லாம் பிழை காட்டும். அது நல்லது, கண்ணில் படுகிற பிழை. சத்தமில்லாமல் மாறுவது வகுத்தல். மூன்றை இரண்டால் வகுத்தால் பைத்தான் 2இல் 1, பைத்தான் 3இல் 1.5. என் புகைப்பட அடுக்கி பக்கத்தின் நடு வரிசையைக் கணக்கிட இப்படி வகுத்தது. பின்ன எண் வந்ததால் படங்கள் அரை வரிசை தள்ளி நின்றன, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. அதனால், மாற்றும் முன் பழைய வெர்ஷனிலேயே ஒருமுறை ஓட்டி, அது கொடுக்கும் வெளியீட்டைச் சேமித்து வையுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட வேறு வழி கிடையாது. ஒரு மாலைக்குள் ஓடாவிட்டால், எந்த லைப்ரரி (நிரலுக்குத் தேவையான துணை நிரல் தொகுப்பு) கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீட்மீ, அதாவது ப்ராஜெக்டைப் பற்றிய சிறு குறிப்பு ஃபைல். ஐந்து விஷயம் இருந்தால் போதும்: என்ன செய்யும், எதில் எழுதியது, எப்படி ஓட்டுவது, ஏன் நிறுத்தினேன், இதன் வெளியீடு எங்கே போனது. ‘ஏன் நிறுத்தினேன்’ என்பதற்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள். ‘வேலை முடிந்தது’ என்பதும் ‘பிடிக்காமல் போனது’ என்பதும் ஒன்றல்ல. திரும்ப எடுக்கலாமா என்று பிறகு யோசிக்கும்போது அந்த ஒரு வரிதான் உதவும்.

ஐந்தாவது கேள்வி எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அகராதிச் செயலியில் ஒரு பக் (பிழை) மாதக்கணக்கில் இருந்தது. ‘கொடி’ என்று தேடினால் வராது. பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனால் ‘கொடி’ அங்கேயே இருக்கும். ‘கோயில்’, ‘தொழில்’ இவற்றுக்கும் அப்படித்தான். ‘மரம்’, ‘கிளி’ உடனே வரும். தேடல் கோடை இரண்டு தடவை மாற்றி எழுதியும் தீரவில்லை.

மாற்றிக்கு ரீட்மீ எழுத உட்கார்ந்தேன். ‘வெளியீடு எங்கே போனது’ என்ற இடத்தில் ‘அகராதிச் சொற்பட்டியல், முதல் பகுதி’ என்று எழுதியபோதுதான் உறைத்தது. உடனே பழைய கோடைத் திறந்தேன். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் மெய்யெழுத்துதான் முதலில், உயிர்க்குறி பின்னால். என் மாற்றி கொம்பை எடுத்து க-வுக்குப் பின்னால் சரியாக வைத்தது, ஆனால் கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் தனித்தனியாகவே விட்டுவிட்டது. யுனிகோடில் ஒகரக் குறிக்குத் தனிக் குறியீடு உண்டு, கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தாலும் திரையில் அதே உருவம் வரும். எனவே விசைப்பலகையில் நான் அடித்த ‘கொடி’ யுடிஎஃப்-8இல் 12 பைட், பட்டியலில் இருந்த ‘கொடி’ 15 பைட். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இரண்டையும் சமம் என்று யுனிகோடே சொல்கிறது, ஒரே வடிவமாக்க என்எஃப்சி என்ற முறையையும் தருகிறது. சொற்பட்டியலை ஒருமுறை அதில் ஓட்டினேன். தேடல் பெட்டியில் வருவதையும் ஒப்பிடும் முன் அதில் ஓட்டும்படி ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். தமிழ் உரையைத் தேடும், வரிசைப்படுத்தும் நிரல் எதுவானாலும் இந்த வரியை முதல் நாளே போடுங்கள்.

தாளில் எழுதிய மூன்றாவது கேள்வி, ‘இப்போது எங்காவது ஓடுகிறதா’, இங்கேதான் வேண்டும். பழையவற்றைப் பிரித்து வைக்க எனக்கு மூன்று பெட்டி போதுமாக இருந்தது: ஓடுகிறது, முடிந்தது, நிறுத்தியது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று நான்காவது பெட்டி வைத்தால் எல்லாம் அதற்குள் போய்விடும், வைக்காதீர்கள். பிறர் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவற்றுக்கு லைசன்ஸ் (பயன்பாட்டு அனுமதி) ஃபைல் ஒன்று கட்டாயம் வேண்டும். கோடை வெளியே வைத்தால் மட்டும் பிறருக்கு உரிமை கிடைத்துவிடாது, லைசன்ஸ் இல்லாத கோடின் உரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கும். நான் எம்ஐடி லைசன்ஸ் போட்டேன், சின்னது, படித்தால் புரியும்.

நடப்பு ப்ராஜெக்டுக்கு மேலே சொன்ன ஐந்தில் முதல் மூன்றையும் இன்றே எழுதிவிடலாம். லைப்ரரிகளின் சரியான வெர்ஷன் எண்களையும் ரெப்போவிலேயே சேமியுங்கள், பைத்தானில் பிப் ஃப்ரீஸ் (pip freeze) என்ற கட்டளை கொடுக்கும் பட்டியல் போதும். இதோடு ஒரு சின்னப் பழக்கம்: கணினியை மூடும் முன் ‘அடுத்து’ என்ற ஃபைலில் ஒரே ஒரு வரி. நேற்று நான் எழுதியது: ‘ள, ழ மாற்றி அடித்தாலும் தேடல் பரிந்துரை வர வேண்டும், சோதனை எழுதியாகிவிட்டது, இன்னும் தோற்கிறது.’ இன்று காலை திறந்ததும் அந்தச் சோதனையிலிருந்தே வேலையைத் தொடங்கினேன்.