பொருள்கள் ஏன் உடைகின்றன: அதை ஆராயும் பணிக்குச் செல்லும் வழி

ஓர் உலோகம் எவ்வளவு சுமை தாங்கும், எப்போது நிரந்தரமாக வளையும், எந்த இடத்திலிருந்து விரிசல் விடும் என்பவற்றை ஆராய்வது பொருளறிவியலின் பெரும் பிரிவுகளுள் ஒன்று. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தில் இத்துறையின் பெயரைச் சொன்னால் வேதியியலோடு சேர்த்துவிடுபவர்களே அதிகம். உண்மையில் இதன் அடித்தளம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை), திரிபு (நீளம் மாறும் விகிதம்), யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைப்பது) ஆகியவைதான். அந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துக் கடந்துவிடாதீர்கள்.

இத்துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கக் கல்லூரியில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள லேத் பட்டறைக்குச் சென்று, முறிந்துபோன பம்புசெட் ஷாஃப்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முறிந்த இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் முறிவுப் பரப்பில் இருக்கும் தடயங்கள் தேய்ந்து அழிந்துவிடும். கம்பி பிரஷ்ஷும் போடக் கூடாது. மண்ணெண்ணெயில் மெல்லக் கழுவிவிட்டு, சாய்வாக வெளிச்சம் விழும்படி பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சாவிக்காடியின் (கப்பியைப் பிடித்துவைக்கும் சாவிக்காக ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின்) கூரான மூலையில் தொடங்கி, வளைவான கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து செல்லும் வழவழப்பான பகுதியும், அதற்கு எதிர்ப்புறத்தில் சொரசொரப்பான ஒரு பகுதியும் தெரியும். வழவழப்பான பகுதி, விரிசல் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக வளர்ந்த இடம். சொரசொரப்பான பகுதி, மிச்சமிருந்த உலோகம் சுமை தாங்காமல் ஒரேயடியாக அறுந்த இடம். அந்தக் கடைசிப் பகுதி சிறியதாக இருந்தால் ஷாஃப்டின் மீது விழுந்த சுமை பெரிதாக இருந்திருக்காது. மூலையின் கூர்மையும், ஓய்வில்லாமல் மாறி மாறி வந்த சுமையும் சேர்ந்தே அதை முறித்திருக்கும். பொறியாளர்கள் ஃபெட்டீக் என்று சொல்வது இதைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் இப்படி முறிந்துகொண்டே இருந்ததால்தான் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் இதை முறையாக ஆராயத் தொடங்கினார். ‘மெட்டல் வீக்’ என்று பட்டறையில் சொல்லும் காரணத்தோடு நீங்கள் நின்றுவிடாமல், அந்த மூலையைச் சற்று வளைவாகக் கடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பீர்களானால், இந்தத் துறைக்கு வரலாம்.

சுவாமிமலை பக்கத்திலேயே இருப்பதால் சிலை வார்ப்பில் ப்ராஜெக்ட் செய்யுமாறு பலரும் சொல்வார்கள். உலோகம் எப்படி உறைகிறது என்பதை அறிய அது அருமையான இடம். ஆனால் அந்தச் சிலைகள் சுழலும் சுமையைத் தாங்குவதற்காக வார்க்கப்படுபவை அல்ல என்பதால், முறிவை அறிய லேத் பட்டறையே மேல் என்பது என் கருத்து.

படிப்பைப் பொறுத்தவரை வழிகள் தெளிவானவை. திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் மற்றும் பொருளறிவியல் பொறியியலில் பி.டெக். உள்ளது, அதற்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். மாநிலக் கலந்தாய்வு வழியாகச் செல்பவர்களுக்குக் கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல் உண்டு. மெக்கானிக்கல் படித்தவர்களும், எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களும் பின்னர் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி இங்கே வந்து சேர்கிறார்கள்.

எங்கே படித்தாலும், உலோக மாதிரியை இழுத்து நீட்டிப் பார்க்கும் இழுவைச் சோதனையை உங்கள் கையாலேயே செய்து கற்றுக்கொள்ளுங்கள். சாதாரண உருக்கின் யங் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். 50 மி.மீ. நீளமுள்ள மாதிரி ஒன்று 250 மெகாபாஸ்கல் தகைவில் நீளுவது வெறும் 0.06 மி.மீ. அளவுதான். அதே நேரத்தில் இயந்திரத்தின் சட்டமும் பிடிகளும்கூடச் சற்று நீளுகின்றன. நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரை மாதிரியின் மீதே பொருத்தாமல், இயந்திரம் காட்டும் இடப்பெயர்ச்சியை வைத்துக் கணக்கிட்டால், குணகம் உண்மை மதிப்பில் பாதிகூட வராமல் போகலாம். இந்தப் பிழை எப்படி வந்தது என்று தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர், பத்து மென்பொருள்களை அறிந்தவரைவிட ஆய்வுக்குத் தகுதியானவர்.

டெல்டாவின் மேற்கு முனையிலேயே, திருச்சி பெல் நிறுவனத்தில் உயரழுத்தக் கொதிகலன்கள் உருவாகின்றன. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. கொதிகலன் குழாய்கள் அதிக வெப்பத்தில், மாறாத சுமையின் கீழ், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். இதை க்ரீப் என்பார்கள். வடிவமைப்பாளர்களுக்குத் தேவைப்படுவது ஒரு லட்சம் மணி நேரத்துக்கான வலிமை, அதாவது பதினொரு ஆண்டுகளுக்கும் மேல். அவ்வளவு காலம் யாராலும் காத்திருக்க முடியாது என்பதால், கூடுதல் வெப்பத்தில் குறுகிய காலச் சோதனை செய்து முடிவை நீட்டிக் கணிக்கிறார்கள். நீண்ட காலத்தில் உலோகத்தின் உள்ளமைப்பே மாறிவிட்டால் அந்தக் கணிப்பு பொய்த்துப்போகும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய கேள்விகளே அன்றாட வேலை. அங்கு சேர விரும்புபவர்கள் வெல்டிங் பற்றியும் நன்றாகப் படிக்க வேண்டும். 9 சதவீதக் குரோமிய உருக்கில் பற்றவைத்த இணைப்புகள் நாளடைவில் பெரும்பாலும் வெல்டுக்குள் அல்லாமல், அதை ஒட்டி வெப்பத்தால் பாதிக்கப்பட்ட பகுதியிலேயே விட்டுப்போகின்றன.

ஆய்வுப் பணிக்கு முனைவர் பட்டம் ஏறத்தாழக் கட்டாயம். ஆய்வு மாணவர்களுக்கான மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட ஆய்வகத்தின் இயந்திரங்களைப் பாருங்கள். ஃபெட்டீக் சோதனையில் நொடிக்கு 20 சுழற்சி என்ற வேகத்தில் ஒரு கோடி சுழற்சிகள் ஓட ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். எந்தத் தகைவில் எத்தனை சுழற்சி தாங்கும் என்று காட்டும் ஒரு முழு வளைவரைக்குப் பத்துப் பதினைந்து மாதிரிகளாவது வேண்டும். அவற்றுள் சில சில மணி நேரத்திலேயே உடைந்தாலும், உடையாமல் ஓடுபவை வாரக்கணக்கில் இயந்திரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே சோதனை இயந்திரம் எத்தனை, அதற்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், பழுதானால் சரிசெய்ய எவ்வளவு காலம் ஆகிறது என்பவற்றை, சேருவதற்கு முன்பே, அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஆய்வு மாணவர் ஒருவரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.