வீதியில் வைத்து நியாயம் கேட்காதீர்கள்: வன்னியிலிருந்து ஒன்ராறியோ வரும் சாரதிகளுக்கு

சாரதி அனுமதிப்பத்திர விடயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறிய நாளிலிருந்து 60 நாட்கள் வரை ஊர் அனுமதிப்பத்திரத்துடன் வாகனம் ஓட்டலாம். அதன்பின் எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும், பிறகு வீதிப் பரீட்சையும் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய அனுபவம் உண்டு என்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை இலங்கை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெற்றுக்கொண்டு புறப்பட்டால், இடையில் காத்திராமல் முழு அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சைக்கே தோற்றலாம். இவற்றையெல்லாம் இங்குள்ள எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கேட்டறியலாம். அங்கே சொல்லித்தராத ஒன்றைப் பற்றியே எழுத வந்தேன்.

வன்னியூடாகப் போகும் ஏ-9 வீதியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவில் வீதியின் நடுவே படுத்திருக்கும் மாடுகள், விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், முந்துவதற்கு முன் அடிக்கும் ஹோர்ன் எல்லாம் நம் அன்றாட வழக்கம். ஒருவன் குறுக்கே வெட்டினால் மாங்குளம் சந்தியிலோ பரந்தன் சந்தியிலோ அவனை மறித்து, இறங்கி, "கண் தெரியாதோ?" என்று கேட்போம். கடை வாசலில் நிற்கும் இரண்டு பெரியவர்கள் நடுவில் வந்து சமாதானம் பேசிவிடுவார்கள். ஓடித் தப்பியவனே குற்றவாளி, நின்று பேசியவன் நேர்மையானவன் என்பது நம் ஊர்க் கணக்கு.

ஒன்ராறியோவில் மறிப்பதே குற்றம்.

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஊரில் பல ஆண்டுகள் டிப்பர் ஓட்டியவர். கைசுத்தமான சாரதி என்று பெயர் எடுத்தவர். இங்கு நிரந்தர வதிவிட உரிமை பெற்று, மச்சானின் காரில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். 401 நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் வாகனம் அவரை உரசுவதுபோல் வெட்டிப் போயிருக்கிறது. இவர் அதை விடாமல் பின்தொடர்ந்து, முந்தி, அதற்கு முன்னால் திடீரென்று பிரேக் பிடித்து, நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு குறுக்கே நிறுத்தி, இறங்கிப்போய்க் கண்ணாடியில் தட்டி நியாயம் கேட்டிருக்கிறார். கை ஓங்கவில்லை, தூஷணமும் பேசவில்லை. ஆனால் அந்த வாகனத்தின் டாஷ் கமரா பின்தொடர்ந்ததையும் பிரேக் பிடித்ததையும் பதிவு செய்திருந்தது. சாரதி கதவைப் பூட்டிக்கொண்டு 911ஐ அழைத்துவிட்டார். நம்மவரோ பொலிஸ் வரட்டும், முறைப்பாடு சொல்வோம் என்று அங்கேயே காத்து நின்றார்.

அந்த இடத்திலேயே அவருடைய அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்கு நிறுத்தப்பட்டது, கார் 14 நாட்களுக்குப் பறிக்கப்பட்டது. கார் மச்சானுடையது என்ற நியாயம் எடுபடவில்லை. இழுத்துச் சென்ற செலவும் தரிப்பிட வாடகையும் மச்சானின் தலையில் விழுந்தன. மாகாண நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவு இப்படித்தான் வேலை செய்கிறது: நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே தண்டனை தொடங்கிவிடும். அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டால் 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டப்பணமும், ஆறு மாதம் வரை சிறையும், முதல் தடவையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் வரக்கூடும். காப்புறுதிக் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

வீதியில் வரும் கோபத்துக்கென்று கனடாவில் தனியான குற்றப்பெயர் இல்லை. கோபத்தில் செய்த ஒவ்வொரு செயலுக்கும் வெவ்வேறு பெயர் உண்டு. மிரட்டினால் அது ஒரு குற்றம், தொட்டால் தாக்குதல், வாகனத்தை ஒருவர்மீது செலுத்த முயன்றால் ஆயுதத்தால் தாக்கியதாகவே கொள்ளலாம். நண்பர்மீது குற்றவியல் கோவையின் கீழ் ஆபத்தான முறையில் வாகனம் செலுத்திய குற்றமும் சுமத்தப்பட்டது. யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும் இதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். காயம் ஏற்பட்டால் 14 ஆண்டுகள், மரணம் நேர்ந்தால் ஆயுள்.

பொறி இந்த 10 ஆண்டு என்ற எண்ணில்தான் இருக்கிறது. குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, உச்சத் தண்டனை 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றத்துக்குத் தீர்ப்பானால், உண்மையில் விதிக்கப்பட்டது வெறும் தண்டப்பணமாக இருந்தாலும், நிரந்தர வதிவாளர் நாட்டைவிட்டு அனுப்பப்படக்கூடிய நிலைக்கு ஆளாகிறார். 2018 டிசம்பரில் உச்சத் தண்டனை உயர்த்தப்பட்டதற்கு முன் இந்தக் குற்றத்துக்கு அப்படி இருக்கவில்லை. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த அண்ணன்மார் "காசைக் கட்டிப்போட்டு வா, ஒன்றும் நடக்காது" என்று சொல்லும்போது, பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள். நண்பர் அதைக் கேட்டே குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவருக்குக் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் பிறகுதான் வந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்து சேர்ந்த ஒரு குடும்பம் ஒரு பிரேக் மிதியால் மறுபடியும் பெட்டி கட்ட நேருமோ என்று அஞ்சுவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

எனவே குற்றம் சாட்டப்பட்டால் எதையும் ஒப்புக்கொள்ளுமுன், நீங்கள் கனடியக் குடியுரிமை பெறாதவர் என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குற்றவியல் வழக்கு மட்டும் பார்ப்பவர் குடிவரவு பற்றித் தானாகக் கேட்காமல் விடக்கூடும். வழக்குத்தொடுநர் இணங்கினால், குற்றவியல் குற்றத்துக்குப் பதிலாக மாகாணச் சட்டத்திலுள்ள கவனமின்றி வாகனம் செலுத்திய குற்றத்தை ஏற்க வழியுண்டு. அதற்கும் தண்டமும் சாரதிப் பதிவில் ஆறு குறைப் புள்ளிகளும் உண்டு, ஆனால் 36ஆம் பிரிவு அதைத் தொடாது. தீர்ப்பாகப் பதியாமல் விடுவிக்கும் முறையையும் கேட்டுப் பார்க்கலாம். ஒப்புக்கொண்ட பிறகு திரும்பப் பெறுவது கடினம். குடிவரவு விளைவு தெரிந்திருந்தால் வேறுவிதமாக நடந்திருப்பேன் என்று காட்ட வேண்டும் என 2018இல் வொங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், வெளியேற்ற உத்தரவை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லாமல் போகும்.

வீதியிலேயே தவிர்ப்பது இதைவிட எளிது. வெட்டிப் போகிறவனைப் போக விடுங்கள். யாராவது உங்களைத் துரத்தினால் வீட்டுக்கு ஓட்டாமல் பொலிஸ் நிலையத்துக்கு ஓட்டுங்கள். நீங்களும் ஒரு டாஷ் கமரா பூட்டிக்கொள்ளுங்கள். ஹோர்னை ஆபத்தைத் தவிர்க்க மட்டும் அடியுங்கள், இங்கு அது வசவாகவே கேட்கும். எவ்வளவு அவசரக்காரனும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தித் தேங்காய் உடைக்கிற பொறுமை நம் சாரதிகளிடம் இருந்தது. அது இங்கு வந்ததும் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமைச் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை. குற்றவியல் வழக்கில் அதற்குக் கட்டணமில்லை. ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் நண்பர் கேட்கவில்லை. வாசிக்கப்பட்டதில் பாதியைத் தலையாட்டியே கடந்தார். உறவினரைக் கூட்டிப்போய்ச் சமாளிக்காமல், முதல் தவணையிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.